லயத்துக் கொல்லையும் அரிசி டின்னும்



தொண்ணூறு வயதை எட்டிப் பிடித்த பாட்டி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், "சப்பான்காரன் காலத்துல என்ன பாட்டி சாப்பிட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "மரவள்ளிதான், வேறென்ன இருந்திச்சு!" என்பார். நாமும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த மரவள்ளி எங்கே நின்றது, யார் நட்டார்கள், நட நிலம் எப்படி வந்தது, பிடுங்கியதைக் கெடாமல் எப்படி வைத்தார்கள் என்று அடுத்த கேள்வி கேட்பவர் குறைவு. இக்கட்டுரை அந்த அடுத்த கேள்வியைப் பற்றியது.

மலாயா ரப்பரும் ஈயமும் கொழித்த நாடு. சோற்றுக்கு மட்டும் கப்பலை எதிர்பார்த்த நாடு. போருக்கு முன் இங்கே உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து வந்தது. தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு அந்த அரிசி கடைக் கணக்கில் வரும். சம்பளத்தில் பிடித்தம் ஆகும். கப்பல் வந்தால் சோறு, வராவிட்டால் பட்டினி. இது ஆபத்து என்பதை முதல் உலகப் போரின் கடைசி ஆண்டுகளே காட்டிவிட்டன. கப்பல் தட்டுப்பாடு ஒரு பக்கம். 1918ஆம் ஆண்டில் இந்தியாவில் பருவமழை பொய்த்தது மறுபக்கம். இந்திய அரசு பர்மா அரிசியின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. இங்கே விலை ஏறியது. அரசாங்கம் அதிக விலைக்கு வாங்கி நட்டத்துக்கு விற்க வேண்டியதாயிற்று. தோட்டங்களும் உணவுப் பயிர் போட வேண்டும் என்று சட்டம் செய்யும் அளவுக்கு நிலைமை முற்றியது.

இங்கே கணக்குப் பாடம் ஒன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கும் விதி இடம்பெற்றது. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. மாணவர்களே, வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 2,720 சதுர அடி வரும். அதாவது பக்கத்துக்கு 52 அடி உள்ள ஒரு சதுரம். வெண்டை, கத்தரி, அவரைப் பந்தல், ஓரத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு வாழை என்று எல்லாவற்றுக்கும் அது போதும். சட்டப் புத்தகத்தில் இருந்த நிலம் எல்லா லயத்துக்கும் பின்னால் இருந்ததா என்றால், இல்லை. ரப்பர் விலை ஏறிய காலத்தில் லயத்துச் சுவர் வரைக்கும் கித்தா மரம் நட்ட துரைமார் உண்டு. நிலம் கொடுத்தாலும் அது தொழிலாளிக்குச் சொந்தமில்லை. வேலை போனால் வீடு போகும். வீட்டோடு கொல்லையும் போகும். காய்க்கிற முருங்கையை விட்டுவிட்டுத் தட்டுமுட்டுச் சாமானோடு நடந்த குடும்பங்கள் எத்தனை!

1930 முதல் 1932 வரை உலகச் சந்தையில் ரப்பர் விலை தரைமட்டத்துக்கு இறங்கிய போது, ஒரு இலட்சத்துக்கும் அதிகமான நம்மவர்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இங்கேயே தங்கியவர்களுக்குச் சம்பளம் வெட்டப்பட்டது. கொல்லை வைத்திருந்த குடும்பத்துக்கு அப்போது குழம்புச் செலவாவது மிச்சம்.

சோற்றைப் பற்றி இன்னொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். நம் பாட்டிமார் புழுங்கல் அரிசிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள் அல்லவா? அந்தப் பிடிவாதத்தில் மருத்துவம் இருந்தது. அந்நாளில் கால் வீங்கி, இதயம் தளர்ந்து ஆளைக் கொல்லும் 'பெரிபெரி' நோய் மலாயாவில் பரவலாக இருந்தது. தீட்டிய சயாம் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை அது வாட்டியது. புழுங்கல் உண்ட தமிழர்களிடம் அரிதாகவே கண்டது. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசிப் பக்கம்தான் நோய் வந்தது. நெல்லை உமியோடு வேகவைக்கும் போது, மேல்தோலில் உள்ள பி1 என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. மணியும் இறுகுவதால் வண்டு சுலபத்தில் துளைக்காது, நாள்பட வைத்திருக்கலாம். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடும் 'பிடி அரிசி' வழக்கமும் ஊரிலிருந்து கூடவே வந்ததுதான். மாதக் கடைசியில் அந்தப் பானைதான் கைகொடுக்கும்.

இனி அந்தக் கொடிய காலத்துக்கு வருவோம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ரப்பர் வாங்க ஆளில்லை. அரிசிக் கப்பலும் வரவில்லை. பங்கீட்டு அரிசி வரவர அளவு குறைந்தது. பல தோட்டங்களில் கித்தா மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளியும் வற்றாளங் கிழங்கும் கேழ்வரகும் சோளமும் போட்டார்கள். அந்த நேரத்தில் ஆண்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர். பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை. ஆகவே லயத்தில் மிஞ்சியது பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். சப்பான்காரன் காலத்து மரவள்ளி என்று நாம் சொல்லுவது பெரும்பாலும் அந்தப் பெண்கள் மண்வெட்டி பிடித்து நட்ட மரவள்ளிதான்.

ஏன் மரவள்ளி? விதை வேண்டாம். முற்றிய தண்டை ஒரு சாண் நீளம் வெட்டி மண்ணில் செருகினால் போதும். சத்தில்லாத மேட்டு மண்ணிலும் வரும். எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கிழங்கு. கொழுந்து இலையும் நன்றாக வேகவைத்தால் கீரை. ஆனால் பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துப் போகும். அதனால் மண்ணையே குதிராக்கினார்கள். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குப் பிடுங்கினார்கள். மொத்தமாகப் பிடுங்க நேர்ந்தால் தோல் சீவி, மெல்லிசாக அரிந்து, வெயிலில் கலகலவென்று காயவைத்து, தகர டின்னில் அடைத்தார்கள். வேண்டிய போது இடித்துச் சலித்தால் மாவு. அதில் புட்டும் களியும் ரொட்டியும். கசப்பு மரவள்ளியில் விஷம் உண்டு என்பதால் தண்ணீரில் ஊறப்போட்டு, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். இதை அறியாமல் அவசரத்தில் தின்றவர்களுக்கு வாந்தியும் மயக்கமும் வரும். உயிரே போவதும் உண்டு.

மரவள்ளி வயிற்றை நிரப்பும்; உடம்பை வளர்க்காது. அதில் புரதம் மிகக் குறைவு. கிழங்கை மட்டுமே தின்ற பிள்ளைகளுக்கு முகமும் காலும் வீங்கின. கூடவே முருங்கைக் கீரை, அவரை, தட்டைப்பயறு, ஓடையில் பிடித்த மீன் என்று ஏதாவது கிடைத்த வீட்டில் நிலைமை சற்று மேல். கேழ்வரகு இன்னும் மேல். காயவைத்து மூடி வைத்தால் வருடக்கணக்கில் புழு அண்டாது. வெள்ளைப் பூசணியைக் காம்போடு அறுத்து, உறி கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். சுண்டைக்காயும் கத்தரியும் வற்றலாகும். பயற்று விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் வைத்தார்கள்; பூசணி விதையும் பாகல் விதையும் அடுப்புப் புகை படும் இடத்தில் முடிந்து தொங்கின. பசியில் விதையைத் தின்னாமல் வைத்திருந்த தாய்மாருக்கு எந்த ஊரிலும் சிலை இல்லை.

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. ஜப்பானியர் அச்சடித்த 'வாழைமர நோட்டு' ஒரே நாளில் வெறுங்காகிதம் ஆயிற்று. கட்டுக்கட்டாக நோட்டு வைத்திருந்தவர் கையைப் பிசைந்து நின்றார். டின்னில் கிழங்கு வற்றல் வைத்திருந்தவர் அன்றைக்கும் அடுப்பு மூட்டினார்.

ஆனால் சேமித்து வைப்பதே குற்றமான காலமும் இந்த நாட்டில் இருந்தது. 1948இல் அவசரகாலம் பிறந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாது என்று, 1951 முதல் உணவுக் கட்டுப்பாடு கடுமையாயிற்று. தோட்டத்து மக்களை ஒன்றுசேர்த்து வேலிக்குள் குடிவைத்தார்கள். பால் வெட்டப் போகிறவர் மத்தியானச் சோற்றைக்கூட எடுத்துப் போக முடியாது, வாசலில் சோதனை. கடையில் வாங்கும் டின் உணவை அங்கேயே துளைபோட்டுக் கொடுத்தார்கள், நாள்பட வைக்க முடியாதபடி. சில இடங்களில் அரிசியாகவே கொடுக்காமல் பொது அடுப்பில் வேகவைத்த சோற்றைத்தான் கொடுத்தார்கள். வேலிக்கு வெளியே இருந்த கொல்லை காடாய்ப் போயிற்று. பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள், இருக்கட்டும். நாலு வருடம் கிழங்கு தின்று பிழைத்த மக்களிடம் "அரிசி சேர்த்து வைக்காதே" என்றால் அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அவசரகாலம் 1960இல் முடிந்தது. பதினான்கு வருடத்துக்குப் பின் அரசாங்கமே "நடுங்கள்" என்றது. உலகெங்கும் எண்ணெய் விலையும் உணவு விலையும் ஏறியிருந்த 1974ஆம் ஆண்டில், பிரதமர் துன் அப்துல் ரசாக் 'பச்சைப் புத்தகத் திட்ட'த்தைத் தொடங்கினார். வீட்டு ஓரத்திலும் பள்ளி வளாகத்திலும் மிளகாயும் கங்கோங் கீரையும் பயற்றங்காயும் முளைத்தன. நம்மவருக்கு இது புதிதில்லை. புதிதாக வந்தது அரசாங்கத்தின் பாராட்டுத்தான்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பும் சாலையும் ஆயின. லயம் போனது, கொல்லையும் போனது. அடுக்குமாடிக்கு வந்தவர் "பூமி எங்க இருக்கு, நட?" என்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதும், சில மாதங்களில் இங்கே கடைகளில் உள்ளூர் அரிசி கிடைக்காமல் அலைந்தோம். நாம் உண்ணும் அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் வெளியிலிருந்துதான் வருகிறது.

பழைய பெயிண்ட் டின்னை நன்றாகக் கழுவி, அடியில் நாலு ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய இலையும் நிரப்பினால் மிளகாய், கத்தரி, கீரை வரும். காலை வெயில் படும் இடம் முக்கியம். அரிசிக்கு இறுக்கமான மூடி உள்ள டின். காய்ந்த வேப்பிலை கொஞ்சம். பழைய அரிசி தீர்ந்த பிறகே புதிய மூட்டை. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம், ஆகவே மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். மக்கல் வாடை வந்தால் அந்த டின்னை வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி நிரப்புங்கள். தரைவீடு இருப்பவர்கள் மழை தொடங்குமுன் கை மொத்தத்தில் ஒரு முருங்கைப் போத்தை வேலி ஓரம் ஊன்றி வையுங்கள். போத்து கேட்டால் இல்லையென்று சொல்லும் தோட்டத்து வீடு இன்னும் கிடையாது.