வெனீரா, கேப்பா... உங்க பல்லுக்கு எது செட் ஆகும்?

செஞ்சி பக்கத்துல இருக்கிற சிங்கவரம் ரங்கநாதர் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? பள்ளிகொண்ட பெருமாளைப் பாறையிலேயே செதுக்கியிருப்பாங்க. செதுக்கி எடுத்த கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. பல்லின் மேல்பூச்சான எனாமலும் அப்படித்தான், சீவினால் மறுபடி வளராது. கல்யாண ஆல்பத்துக்காக 'ஸ்மைல் டிசைனிங்' பண்ணப் போறீங்கன்னா, முதலில் இதைத் தெரிஞ்சுக்கோங்க.

வெனீர் யாருக்கு?

பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய தகடுதான் வெனீர். செராமிக் வெனீருக்குப் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவுவார்கள். பல் உறுதியாக இருந்து, நிறமும் வடிவமும்தான் பிரச்னை என்றால் இது பொருந்தும். உதாரணமாக, தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடால் வரும் பழுப்புக் கறை. லேசான கறைக்கு ப்ளீச்சிங் போன்ற சிகிச்சைகளே போதும். ஆழமான கறைக்குத்தான் வெனீர்.

கேப் யாருக்கு?

பல்லை முழுசா மூடும் உறைதான் கிரவுன். நாம 'கேப்'னு சொல்றது இதைத்தான். இதற்குச் சுற்றிலும் சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை சீவ வேண்டும். பெரிய சொத்தை, பாதி உடைந்த பல், ரூட் கேனல் செய்த கடைவாய்ப்பல் இவற்றுக்கு கேப் அவசியம். 'வலிதான் போயிடுச்சே'ன்னு ரூட் கேனலோடு நிறுத்திட்டா, முறுக்கு கடிக்கும்போது பல் பிளந்துவிடலாம். அப்புறம் பிடுங்க வேண்டியதுதான்.

அழகுக்காக கேப் போடலாமா?

நல்ல பல்லுக்கு வேண்டாம். துருக்கிக்குப் போய் வரிசையாக கேப் போட்டுக்கொள்ளும் 'டர்க்கி டீத்' மோகம் பற்றி பிரிட்டன் பல் மருத்துவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வெனீர் என நினைத்துப் போன பலருக்குப் பல்லைக் கூராகச் சீவி கேப் மாட்டிவிட்டார்கள். அதிகம் சீவினால் பல் நரம்பு பாதித்து, ரூட் கேனல் வரை போகலாம்.

ரெண்டுமே வேண்டாமா?

பல் வரிசை கோணலா? கிளிப் போடலாம். நுனி கொஞ்சம் உடைஞ்சிருக்கா? பல் நிற காம்போசிட் வைத்தே சரிசெய்யலாம். ஈறில் ரத்தம் வந்தால், முதலில் அதற்குச் சிகிச்சை எடுங்க. தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால், டாக்டரிடம் மறைக்காதீங்க. வெனீர் உடைந்துவிடும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

* என் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் சீவுவீங்க?
* சீவாமல் வேறு வழி இருக்கா?
* முடிவு எப்படி இருக்கும்னு முன்கூட்டியே மாதிரி வைத்துக் காட்டுவீங்களா?
* இதை எப்போ மாற்ற வேண்டியிருக்கும்?

கடைசிக் கேள்வி முக்கியம். வெனீரோ, கேப்போ ஆயுளுக்கும் வராது. 25 வயதில் போட்டால், பிற்பாடு ஒருமுறையாவது மாற்றும் செலவு இருக்கும்.

சந்தேகமா? இன்னொரு டாக்டரிடமும் கேளுங்க. செஞ்சிக்காரங்களுக்குப் பக்கத்திலேயே புதுச்சேரியில் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலை நிறுவனம் இருக்கு. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. சீவுறதுக்கு முன்னாடி எத்தனை முறை வேணும்னாலும் யோசிக்கலாம், தப்பே இல்லை!