மறுக்கப்பட்ட புலவர்

சஞ்சிகைக்கு அனுப்பிய ஆக்கம் ஒன்று பிரசுரமாகாவிட்டால் எழுதுவதையே நிறுத்திவிடும் இளையவர்கள் நம்மிடையே பலர். அவர்களை நினைக்கும்போதெல்லாம் உமறுப்புலவரின் கதை ஞாபகத்துக்கு வருகிறது. எல்லோரும் அறிந்த கதைதான். ஆனால் அதன் கனவுப் பகுதியோடு நாம் நின்றுவிடுகிறோம்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. எட்டயபுரம் அரசவைப் புலவரான உமறு, நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைக் காப்பியமாகப் பாடவேண்டும் என்பது வள்ளல் சீதக்காதியின் விருப்பம். புலவருக்குத் தமிழ் கைவந்திருந்தது. வேண்டிய செய்திகளோ அரபு நூல்களில் இருந்தன. அவற்றைக் கேட்டறிய மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பாவிடம் போனார். புலவரின் உடையும் கோலமும் முஸ்லிம் ஒருவருக்கு ஒவ்வாதவையாகத் தெரியவே அப்பா மறுத்துவிட்டாராம். மனமுடைந்த புலவர் பள்ளிவாசலில் அழுது துயின்றதும், கனவில் அருள் கிடைத்ததும், அப்பா மனமிரங்கியதும் செவிவழி வந்த செய்திகள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்திய பயணம். பரங்கிப்பேட்டையிலிருந்த மஹ்மூது தீபி என்ற ஆலிமிடம் அனுப்பப்படுகிறார் புலவர். அரசவையில் வாதிட்டு வென்றவர் என்று பேர்பெற்றவர், அங்கே மாணவராக அமர்ந்து பாடம் கேட்கிறார். அவ்வாறு கேட்டுப் பாடியவைதாம் சீறாப்புராணத்தின் 3 காண்டங்கள், 5027 விருத்தங்கள்.

நூலினுள் நன்றியோடு பாடப்படும் வள்ளல், பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். சீதக்காதியின் பெயர் இல்லை. ஏன் என்பது பற்றி ஆய்வாளர்கள் பலவாறு எழுதியிருக்கிறார்கள். மறுத்தவர் என்று கதை சொல்லும் சதக்கத்துல்லா அப்பாவோ, கடவுள் வாழ்த்துப் படலத்திலேயே போற்றப்படுகிறார். நமது ஆக்கத்தைத் திருப்பியனுப்பிய ஆசிரியரை நாம் நூன்முகத்தில் எப்படிக் கவனிப்போம் என்பது வாசகர்கள் அறியாததல்ல!

காப்பியம் முற்றுப்பெறவில்லை. நபிகளாரின் வாழ்வின் இறுதிப் பகுதி பாடப்படாமலே நின்றது. எஞ்சியதைப் பின்னர் பனீ அகுமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வாகப் பாடினார். சீறாப்புராணம் நெடுங்காலம் ஏட்டுச்சுவடிகளிலேயே கிடந்தது. அவற்றைத் தேடித் திரட்டி, 1842இல் அச்சேற்றியவர் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். அவரும் ஒரு புலவரே.