தக்கோலத்தில் சாகாத சாமந்தர்

தலைவன் களத்தில் வீழ்ந்தால் அவனோடு தானும் வீழ்வதே செஞ்சோற்றுக்கடன் கழிக்கும் வழி என்று சபதம் செய்துகொடுத்த வீரர்கள் நிறைந்திருந்த பத்தாம் நூற்றாண்டுத் தமிழகத்தில், அவ்வாறு வீழாமல் எஞ்சிவிட்ட ஒருவருக்கு உயிர் என்பது பெரும் பாரமாகவே இருந்திருக்கும். அப்பாரத்தைச் சுமந்தபடி கங்கைவரை சென்று, பின்பு நம் வடசென்னைக் கடற்கரைக்கு வந்து, இனி எதன்பொருட்டு வாழ்வது என்ற கேள்விக்கு விடை கண்ட ஒருவரின் சரிதம் திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலில் வடமொழிச் சுலோகங்களாகப் பொறிக்கப்பட்டுள்ளது. இராயபுரத்திலிருந்து எண்ணூருக்குச் செல்லும் சாலையில் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகளையும் ஆலைகளின் மதில்களையும் மட்டுமே பார்த்துப் பழகி, இப்பிரதேசத்தின் சரித்திரம் 1856-இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கி ரயில் புறப்பட்ட நாளில்தான் ஆரம்பமாயிற்று என்று எண்ணியிருப்பவர்கள் அச்சாசனத்தின் செய்தியை அவசியம் அறிய வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சேர நாட்டில் பிறந்து, இளமையிலேயே சகல வித்தைகளையும் கற்றுத் தேர்ந்த வல்லபர் என்பவர் சோழ நாடு போந்து, முதற் பராந்தகனின் மூத்த குமாரனான இராஜாதித்தனுக்குச் சாமந்தரானார். வடக்கேயிருந்து இராஷ்டிரகூடர் படையெடுத்து வரக்கூடும் என்று எதிர்பார்த்த அந்த இளவரசன் திருமுனைப்பாடி நாட்டில் பெரும் படையோடு பல ஆண்டுகள் தங்கியிருந்த காலம் அது. தென்பெண்ணைக் கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் 943-இல் சிவபெருமானுக்குக் கற்றளி எடுப்பித்த, மலைநாட்டுப் புத்தூரைச் சேர்ந்த சேனைத் தலைவன் வெள்ளங்குமரனும் இவரும் ஒருவரே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். ஊரும் காலமும் பதவியும் பொருந்திவருதலின் அக்கருத்தை நான் ஏற்கிறேன்.

949-இல் அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் அந்தப் போர் மூண்டது. யானைமீது வீற்றிருந்து பொருத இராஜாதித்தன் அந்த யானைமீதே உயிர் துறந்தான். தொண்டைமண்டலம் கன்னரதேவன் என்று தமிழ்ச் சாசனங்கள் குறிக்கும் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் வசமாயிற்று. தம் தலைவனோடு உடன் மடியும் பேறு வல்லபருக்கு வாய்க்கவில்லை. அது தம் பிறப்புக்கும் தந்தைக்கும் தலைவனுக்கும் தகாதது என்று நாணி, உலக வாழ்வை வெறுத்து, கங்கையில் நீராடித் திரும்பியவர், திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் விரதம் ஏற்று, மகாவிரதியாகிச் சதுரானன பண்டிதர் என்ற தீட்சா நாமத்தோடு அங்குள்ள மடத்தின் பொறுப்பைக் கைக்கொண்டார்.

மடத்தின் பொறுப்பு என்பது கண்மூடி அமர்ந்திருப்பதன்று. தபஸ்விகளுக்கும் யாத்திரிகர்களுக்கும் அன்னமிட வேண்டும்; பக்தர்கள் அளித்த தர்மங்கள் சந்திராதித்தவரை நடந்தேற வழி செய்ய வேண்டும். ஒருவர் பொன் அளித்தால் அதை ஊர்ச்சபையார் கையேற்று ஆண்டுதோறும் வட்டி செலுத்துவர். கழஞ்சு ஒன்றுக்கு மூன்று மஞ்சாடி வட்டி என்று இவ்வூர்ச் சாசனத்தில் காண்கிறோம். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சாதலின் அது நூற்றுக்குப் பதினைந்து வீதமாகிறது. நந்தா விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு ஆடுகள் விடுவது அக்காலத்து வழக்கம். இறப்பவை போகப் பிறப்பவை சேர்ந்து எண்ணிக்கை என்றும் குறையாதிருத்தலின் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். அவற்றின் பயனாக நாள்தோறும் உழக்கு நெய் சந்நிதிக்கு வந்து சேர வேண்டும். சபையார் வட்டியை நிறுத்தினாலோ, இடையர் நெய்யைக் குறைத்தாலோ விளக்கு அணைந்துவிடும். சேனையை நடத்திய ஒருவருக்கு இந்த உழக்குக் கணக்கு அற்பமாகத் தோன்றவில்லை என்பதே எனக்கு அவரிடம் பெருமதிப்பை உண்டாக்குகிறது.

இதே ஊரில்தான், விளக்கெரிக்க எண்ணெயும் பொருளும் அற்றுப்போனமையால் தம் கழுத்தை அரிந்து உதிரத்தையே வார்க்கத் துணிந்த செக்குத் தொழிலாளர் கலிய நாயனாரின் கையை இறைவன் பற்றித் தடுத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. உயிரை மாய்த்துக்கொள்வதே அன்பின் எல்லை என்று நினைத்தவருக்கு உயிரோடிருக்கும்படி கட்டளை பிறந்த தலம் இது. களத்தில் மாளாத சாமந்தர் வேறெங்கும் தங்காமல் இவ்விடத்தில் தங்கியது எனக்கு வியப்பளிக்கவில்லை.

அவருடைய சாசனம் கன்னரதேவனின் இருபதாம் ஆட்சியாண்டில், அதாவது 959-இல் பொறிக்கப்பட்டது. தம் ஜன்ம நட்சத்திரமான அவிட்டத்தன்று சிறப்பு வழிபாடு நடைபெறுவதற்காக அவர் பொன் அளித்ததை அது பதிவு செய்கிறது. எந்த இளவரசனோடு சாகவில்லையே என்று உருகினாரோ, அந்த இளவரசனை வீழ்த்திய பகையரசனின் ஆட்சியாண்டைத் தலைப்பில் இட்டே தம் தர்மத்தை அவர் எழுதுவிக்க வேண்டியதாயிற்று. அரசுகள் மாறினும் பூசை நடைபெற வேண்டும் என்ற வைராக்கியம் அவரிடம் இல்லாதிருப்பின் அந்தக் கல்லே எழுந்திராது. தாம் உயிர் எஞ்சியதை அவர் அதில் மறைக்கவில்லை. அவமானத்தை மறைக்காமல் கல்லில் பொறிக்க ஒப்புவதற்கு வாளெடுப்பதினும் பெரிய துணிவு வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

பிற்காலத்தில் சதுரானன பண்டிதர் என்பது அம்மடத்தின் தலைவர்கள் வழிவழியாகத் தாங்கும் பெயராயிற்று. ஏறத்தாழ மூன்று தலைமுறைகளுக்குப் பின், முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில், அப்பெயர் தாங்கிய ஒருவரின் முயற்சியால், வீரசோழத் தச்சன் என்ற சிறப்புப் பெயர் பெற்ற இரவி என்னும் சிற்பி ஆதிபுரீசுவரருக்குக் கருங்கல்லாலேயே விமானம் எடுத்தான். யானையின் பின்புறம் போன்று வளைந்த அந்தத் தூங்கானை விமானத்தைத் திருவொற்றியூர் செல்வோர் இன்றும் வலம்வந்து காணலாம்.