புகைத் தொல்லை

நகரக் காற்று மாசுபடுவது நம் காலத்துப் புதுமை என்று கருதுவோர் பலர். இன்று கொல்கத்தா எனப்படும் கல்கத்தாவிலும் ஹௌராவிலும் புகையைக் கட்டுப்படுத்த 1863-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பெற்றது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்புதான் ஹௌராவிலிருந்து ரயில் ஓடத் தொடங்கிற்று. தமிழர் அதற்குப் புகைவண்டி என்று பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! 1855-இல் ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவில் முதற் சணல் ஆலை எழுந்தது. பின்னர் ஆலைகள் வரிசையாகப் பெருகின. இராணிகஞ்சு நிலக்கரி அவற்றின் கொதிகலன்களில் எரிந்தது.

பழைய சட்டம் போதாதென்று 1905-இல் வங்காளப் புகைத் தொல்லைச் சட்டம் பிறந்தது. அதனைச் செயற்படுத்த ஓர் ஆணையமும் அமைந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இச்சட்டத்தின் பெயரைக் கடந்து செல்ல இயலவில்லை. புகை அதில் நஞ்சு அன்று, வெறும் தொல்லை. தொல்லையாவது கண்ணை உறுத்துவது. கண்ணுக்கு மறைந்தால் தீர்ந்துவிடுவது.

அக்காலத்தில் புகையை அளந்த முறையும் அத்தகையதே. ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் வெள்ளைத் தாளில் கருங்கோடுகளைக் கட்டம் கட்டமாக இட்டு, கருமையைப் படிப்படியாகக் காட்டும் அட்டை ஒன்றை வகுத்தார். புகைபோக்கியை நோக்கி, அட்டையோடு ஒப்பிட்டுக் கருமையின் அளவை உரைப்பர். கருமையைக் குறைக்கும் வழியும் எளிதே: கரியைச் சிறிது சிறிதாக இடவேண்டும், காற்று தாராளமாகப் புகவேண்டும். கரி முற்றும் எரிந்தால் புகை வெளுக்கும், எரிபொருளும் மிஞ்சும். ஆலை முதலாளிகளுக்கும் இது உவப்பான செய்தியே.

ஆனால் முற்றும் எரிந்த கரி எங்கே போயிற்று? நிறமும் மணமும் இல்லாத கரியமில வாயுவாக வானில் கலந்தது. அவ்வாயு மிகுந்தால் புவி வெப்பமுறும் என்பதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியஸ் 1896-இலேயே கணக்கிட்டிருந்தார். எந்த அட்டையும் அதனைக் காட்டவில்லை. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் அது ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. இன்று 420-ஐக் கடந்துவிட்டது.

சட்டம் தீண்டாதது இன்னொன்றும் உண்டு. வீட்டு அடுப்புகளுக்கு அது விலக்கு அளித்தது. குளிர்கால மாலைகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசைவற்று நிற்க, கரி அடுப்பு, வறட்டி அடுப்புகளின் புகை குடிசைகளின் மேல் கவிந்து கிடந்தது. அதனை முதலில் சுவாசித்தவர்கள் அடுப்பூதிய பெண்களும் அவர்தம் மடியிலிருந்த குழந்தைகளுமே.

தமிழ்நாட்டில் பிறந்த வீ. இராமநாதனும் பால் குருட்சனும் தலைமை தாங்கிய குழு 1999-இல் இந்துமாக்கடலின் மேல் பரந்த பழுப்பு மூட்டத்தை ஆராய்ந்தது. அதிலுள்ள கரித்துகள் வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும். இமயத்துப் பனிமேல் படிந்து உருகலை விரைவாக்கும். கந்தகத் துகள்களோ வெயிலைத் திருப்பியனுப்பி வெப்பத்தின் ஒரு பகுதியை மறைக்கும். இம்மறைப்பைக் காட்டி மாசை நியாயப்படுத்துவோரும் உளர். மூச்சு முட்டுவோரிடம் அவர்கள் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

கரித்துகள் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில், மழையோடு மண்ணில் இறங்கிவிடும். கரியமில வாயு அங்ஙனம் இறங்குவதில்லை. 1905-இல் ஹூக்ளிக் கரை ஆலைகள் வெளியிட்டதில் ஒரு பகுதி இன்றும் வானில்தான் இருக்கிறது.