ஆசனவாய்ப் பேஜெட் நோயில் முந்தியது எது?

ஆசனவாயைச் சுற்றி வரும் பேஜெட் நோய் தோலில் தொடங்கி உள்ளே இறங்குவது என்று கொள்ளும் ஆய்வு மரபு ஒன்று உண்டு. ஜேம்ஸ் பேஜெட் 1874இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் அறிக்கைத் தொகுதியில் எழுதிய சிறு கட்டுரையே அதற்கு ஆதாரம். அக்கட்டுரையை அம்மரபு பாதிதான் வாசித்திருக்கிறது என்பது என் வாதம்.

அக்கட்டுரை ஆசனவாயைப் பற்றியதல்ல, மார்பகத்தைப் பற்றியது. பேஜெட் விவரித்தது சுமார் 15 பெண்களை. முலைக்காம்பிலும் கருவட்டத்திலும் ஆறாத சிவந்த புண்; அவர் தொடர்ந்து கவனிக்க முடிந்த அனைவருக்கும் இரண்டாண்டுக்குள், பெரும்பாலும் ஓராண்டுக்குள், மார்பகப் புற்று. நாள்பட்ட தோல் எரிச்சலே புற்றை விளைவித்தது என்ற முடிவு இந்தக் கால வரிசையிலிருந்து பிறந்தது. பேஜெட்டும் அப்பக்கம் சாய்ந்தவர்தான். ஆனால் அதே கட்டுரையில் அவர் இன்னொன்றையும் பதிவு செய்திருக்கிறார். கட்டி புண்ணோடு ஒட்டி வளரவில்லை. இரண்டுக்கும் நடுவே பார்வைக்கு நலமான திசு இருந்தது. புற்று தோலிலிருந்து இறங்கியிருந்தால் இந்த இடைவெளி ஏன்? உள்ளே பிறந்த புற்றுச் செல்கள், அதாவது பேஜெட் செல்கள், பால்நாளங்கள் வழியே மேலேறித் தோலில் பரவின என்று கொண்டால் இடைவெளி விளங்கிவிடுகிறது. பேஜெட் கண்டது கண்ணுக்குப் பட்ட வரிசை. அதைத் தோன்றிய வரிசையாக எடுத்துக்கொண்டது பின்வந்தவர்கள். ஒரே பிரதியின் ஒரு குறிப்பை வைத்து நோயின் போக்கை நிறுவ முடியாது என்பது உண்மை. எனினும், மார்பகத்தைப் பொறுத்தவரை பிற்கால நோய்க்குறியியல் பெரிதும் உள்ளிருந்து மேலேறியது என்ற பக்கமே நிற்கிறது.

1893இல் டாரியே, கூய்யோ என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த ஆசனவாய்ப் பேஜெட் நோயில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இங்கே ஒரே தோற்றத்துக்குள் இரண்டு நோய்கள் உண்டு: தோலிலேயே பிறப்பது ஒன்று, மலக்குடல் அல்லது ஆசனவாய்க் குழாயின் சுரப்பிப் புற்று தோலுக்குப் பரவுவது மற்றொன்று. பிரித்தறியப் பயாப்சித் திசுவில் புரதக் குறியீட்டுச் சாயங்கள் ஏற்றிப் பார்ப்பார்கள். சிகே7 சாயம் இரண்டிலும் ஏறலாம். சிகே20, சிடிஎக்ஸ்2 ஏறினால் குடலைச் சந்தேகிக்க வேண்டும். ஜிசிடிஎஃப்பி-15 தோல் பக்கம் சுட்டும். விதிவிலக்குகள் இருப்பதால் சாயத்தை மட்டும் நம்பிக் கொலனோஸ்கோபியைத் தவிர்க்கக் கூடாது. தோலோடு நின்றதை ஓரங்களில் பல இடங்களில் பயாப்சி எடுத்து, எல்லை கண்டு, அகலமாக வெட்டி எடுப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியும் ஓரம் நோயின் ஓரமல்ல. உள்ளிருந்து வந்ததில் மூலப் புற்றுக்குச் சிகிச்சை தராமல் தோலை மட்டும் வெட்டுவது பயனற்றது.

சங்கரன்கோவில் பக்கத்துக் குருவிகுளம் போன்ற ஊர்களில், தோலே தொடக்கம் என்ற வாசிப்புப் பிழைக்கு விலை அதிகம். ஆசனவாய் அரிப்பை மூலம் என்றோ படை என்றோ எண்ணி, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். அரிப்பு தணியலாம்; பேஜெட் செல்கள் போவதில்லை. தோல்தான் தொடக்கம் என்று நம்பும் மருத்துவரும் களிம்பை மாற்றிக் காத்திருப்பார். உள்ளே புற்று ஏற்கெனவே இருக்கலாம் என்று எண்ணுபவர் காத்திருக்கமாட்டார்.

இவ்வளவு அரிய நோய்க்காக எல்லோருக்கும் பயாப்சியா என்று கேட்பதில் பொருளில்லை. நான் பயாப்சி கேட்பது எல்லோருக்கும் அல்ல. சில வாரச் சிகிச்சைக்கும் ஆறாத படைக்கு மட்டும். மரத்துப்போக ஊசி போட்டு எடுக்கும் சில மில்லிமீட்டர் தோல் அது. ஃபார்மலினில் இட்டு, சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கு அந்தத் துண்டை அனுப்பினால் போதும்; முதல் விடைக்காக நோயாளி அலைய வேண்டியதில்லை. வெட்டி எடுத்தபின் பல ஆண்டு கழித்தும் நோய் திரும்பக்கூடும் என்பதால், நோயாளியைத் தொடர்ந்து பார்க்கும் பொறுப்பு மட்டும் உள்ளூர் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும்.