அடுப்பு எரியாத காலை

ஓவர்நைட் ஓட்ஸ் செய்முறையைத் தமிழில் எழுதிப் பாருங்கள். தானியத்தை இரவில் ஊறப்போட வேண்டும். மூடி வைக்க வேண்டும். காலையில் அடுப்பைப் பற்றவைக்காமல் எடுத்துச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். நம் பாட்டிகளிடம் இதை வாசித்துக் காட்டினால், "இதுல என்னப்பா புதுசு, பழையதுதானே?" என்பார்கள்.

நான் செய்வது பாயசத்தை மனதில் வைத்து. அரை கப் ஓட்ஸ், அரை கப் பால், இரண்டு கரண்டி தயிர், பொடித்த வெல்லம், ஒரு சிட்டிகை ஏலக்காய். மேலே மாம்பழமோ வாழைப்பழமோ, அந்த வாரம் எது மலிவோ அது. என் அலுவலக நண்பர் ஒருவர் ஆப்பிளும் பட்டைத்தூளும் போட்டு ஆப்பிள் பை சுவையைக் கொண்டுவந்துவிடுவார். இன்னொருவர் கோகோவும் காபியும் போட்டு அதைத் திராமிசு என்பார். காலை எட்டு மணிக்கு ஓ.எம்.ஆர். பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு இது வசதி. எங்கள் தொழிலில் கனமான வேலைகளை இரவில் ஓடவிட்டுவிட்டுக் காலையில் முடிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜாடிக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

இந்த ஜாடியின் அதிகாரபூர்வ வரலாறு சுவிட்சர்லாந்தில் தொடங்கும். சூரிச் நகர மருத்துவர் மாக்ஸிமிலியன் பிர்ச்செர்-பென்னர் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் நோயாளிகளுக்கு ஓர் உணவு கொடுத்தார். தண்ணீரில் பன்னிரண்டு மணி நேரம் ஊறிய ஒரு கரண்டி ஓட்ஸ், தோலோடு துருவிய ஆப்பிள், எலுமிச்சைச் சாறு, கொட்டைப் பருப்புத்தூள், இனிப்பான கெட்டிப்பால். ஆப்பிள்தான் அதில் பிரதானம், ஓட்ஸ் துணைக்கு. அதாவது பழமும் இனிப்பும் இன்ஸ்டாகிராம் காலத்தில் சேர்ந்தவை அல்ல, தொடக்கத்திலிருந்தே உள்ளவை. 1904இல் சூரிச் மலைச்சரிவில் அவர் திறந்த சிகிச்சை இல்லத்துக்கு ஐரோப்பாவின் வசதியானவர்கள் வந்து தங்கினார்கள். உணவின் பெயர் மூஸ்லி என்று உலகம் சுற்றியது.

இந்த உணவை அவர் எங்கே கற்றார் என்பதற்கு ஒரு கதை வழங்குகிறது. மலையேறப் போனபோது ஆல்ப்ஸ் இடையர் குடிசை ஒன்றில் இதுபோன்ற ஒன்றை அவருக்குக் கொடுத்தார்களாம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, அதற்குள் இருக்கும் தர்க்கம் உண்மை. விடியும் முன் மந்தையோடு கிளம்புகிறவனுக்கு அடுப்பு மூட்டிக் காத்திருக்க நேரம் கிடையாது. இரவே ஊறவைத்துக்கொள்வது அவன் தேவை. மருத்துவரின் பெயர் நிலைத்தது. இடையருக்குப் பெயரே இல்லை.

அந்த இடையரைப் போன்றவர்களை நம் ஊரில் தேட வேண்டுமென்றால் நான் பழவேற்காட்டுக்குப் போவேன். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. கரையில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள். ஏரியின் நல்ல மீன்பிடி இடங்களை இந்த ஊர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். இன்று உங்கள் முறை என்றால் இன்றுதான் நீங்கள் அங்கே வலை போடலாம். இறால் நீரோட்டத்தோடு வரும்; நீரோட்டம் நடுராத்திரியில் வந்தால் ஆளும் நடுராத்திரியில் போக வேண்டும். நேரத்தை முடிவு செய்வது ஏரி. அந்த நேரத்தில் யார் எழுந்து உலை வைப்பது?

அதனால் இரவுச் சோற்றில் தண்ணீர். காலையில் உப்பு, சின்ன வெங்காயம், இருந்தால் முந்தின நாள் மீன்குழம்பு, இல்லாவிட்டால் சுட்ட கருவாடு. மீன் விற்கும் ஓர் அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "ராவுல தண்ணி ஊத்தி வெச்சிட்டா காலைல அடுப்பாண்ட நிக்க வேணாம் தம்பி. ஏலத்துக்கு ஓடணும்ல" என்றார். ஏரிக்குப் போகும் ஆண்களைப் பற்றி நான் கேட்டிருந்தேன். அவர் பேசியது தன் காலையைப் பற்றி.

இங்கே ஒரு வழக்கமான முடிவுக்கு வந்துவிடலாம்: இது நம் முன்னோர் காலங்காலமாக உண்டது, வெள்ளைக்காரன் அதையே ஜாடியில் போட்டு நமக்கு விற்கிறான். சமூக ஊடகத்தில் நன்றாக ஓடும். ஆனால் வரலாறு அவ்வளவு வசதியாக இல்லை.

பழைய சோறு இருக்க வேண்டுமென்றால் நேற்று சோறு இருந்திருக்க வேண்டும். அதுவும் மிஞ்சும் அளவுக்கு. இந்தக் கரையில் அது எல்லாக் காலத்திலும் உறுதியாக இருந்ததில்லை. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை 1613இல் கட்டி முடித்தார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். இங்கிருந்து துணி போனது; மலாய் மொழியில் கைலிக்கு இன்றும் 'பெலிகாட்' என்ற பெயர் இருக்கிறது, நம் பழவேற்காடுதான். துணியோடு மனிதர்களும் போனார்கள். போரும் வறட்சியும் சேர்ந்து பஞ்சம் வந்த ஆண்டுகளில், 1640களிலும் 1659-61லும், இந்தக் கரையின் துறைமுகங்களிலிருந்து அடிமைகளாக பட்டாவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். சோற்றுக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் அவர்களில் உண்டு. ஊரில் இருக்கும் டச்சுக் கல்லறைகளை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. கப்பலேறியவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை.

பஞ்சம் இல்லாத ஆண்டுகளிலும் அரிசிச்சோறு ஏழை வீட்டின் அன்றாடம் அல்ல. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் உழைக்கும் மக்களின் காலைகள் கேழ்வரகுக் கூழில் விடிந்தவை. கூழும் இரவின் பண்டம்தான், அதுவும் இரண்டு இரவு. மாவைக் கரைத்து ஒரு இரவு புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யோடு கிண்டி, உருண்டை பிடித்து நீரில் இன்னொரு இரவு போட்டு, மூன்றாம் நாள் மோர்விட்டுக் கரைத்துக் குடிப்பார்கள். 1967 தேர்தலில் படி அரிசி என்ற வாக்குறுதி ஓர் ஆட்சியையே மாற்றும் அளவுக்கு எடை பெற்றது ஏன் என்பது இந்தக் கூழ்ப்பானையைப் பார்த்தால் விளங்கும். 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். 'பாரம்பரிய' பழைய சோற்றை எல்லா வீட்டுக்கும் பொதுவாக்கியதில் ரேஷன் கடைக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, பழம், இனிப்பு? அதற்கும் இதே தொண்டை நாட்டில் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், வயலில் பாடுபடுகிறவர்களின் குழந்தைகள் பழஞ்சோறு சலித்துப்போய் அவல் இடிக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பிள்ளைகளுக்கும் தினமும் பழையது என்றால் முகம் சுளித்திருக்கிறது!

அவலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு உலக்கையால் இடித்துத் தட்டையாக்கினால் அவல். ஓட்ஸை ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கு இடையே நசுக்கினால் ரோல்டு ஓட்ஸ். இரண்டுக்கும் நெருப்பு ஏற்கெனவே காட்டியாகிவிட்டது; அதனால்தான் வீட்டில் வெறுமனே ஊறினால் போதுமானதாக இருக்கிறது. 'சமைக்காத' காலை உணவு என்று எதுவும் இல்லை, வேறு யாரோ, வேறு எங்கோ சமைத்திருக்கிறார்கள். வெல்லமும் தேங்காய்ப்பூவும் வாழைப்பழமும் போட்டுப் பிசைந்த அவலை நாம் கோகுலாஷ்டமிக்குக் கண்ணனுக்குப் படைக்கிறோம். அதே சேர்மானம் ஓட்ஸோடு ஜாடிக்குள் போனால் அதற்கு டெசர்ட் ஓட்ஸ் என்று பெயர்.

பழையதும் ஜாடியும் ஒன்றேதானா என்றால், இல்லை. ஜாடி குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தக் குளிரில் நொதித்தல் அநேகமாக நின்றுவிடும். ஓட்ஸ் ஊறுகிறது, அவ்வளவே. சட்டியில் இருக்கும் சோறு கடற்கரைப் புழுக்கத்தில் உண்மையாகவே புளிக்கிறது. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிப்பாக்கி, கெடுக்கும் கிருமிகளை அடக்குகின்றன. ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடல்வரை போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி குடல் நோயாளிகளுக்காக இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு கணக்கை மட்டும் விட்டுவிடலாம். இரவில் ஊறினால் சோற்றின் இரும்புச்சத்து இருபது மடங்காகிவிடுமாம். இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியாவால் அதை உண்டாக்க முடியாது. தானியத்தில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் நொதித்தலில் குறையும், அதனால் உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளதைக் கிடைக்கச் செய்வது வேறு, இல்லாததை உண்டாக்குவது வேறு. பழையதைப் புகழ இந்தப் பொய் தேவையில்லை. ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணிடம் "தினமும் பழைய சோறு சாப்பிடு, போதும்" என்று சொல்வது ஆபத்தும்கூட.

அந்த அக்கா சொன்னதற்கே வருகிறேன். இரவு உணவுகளைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் 'சுலபம்' என்ற சொல் வருகிறது. யாருக்குச் சுலபம்? ஜாடியை நானே ரொப்பி நானே சாப்பிடும்போது, என் காலை வேலையை என் இரவுக்கு மாற்றுகிறேன். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு சட்டியில் தண்ணீர் ஊற்றுகிறவர் மற்றவர்களின் காலையைத் தன் இரவுக்கு எடுத்துக்கொள்கிறார். விடிந்ததும் அவருக்கும் ஏலக்களம் இருக்கிறது. ஆல்ப்ஸ் குடிசையிலும் யாரோ ஒருவர் இரவில் தானியத்தை ஊறப்போட்டிருப்பார். கதையில் அவர் வருவதே இல்லை.

ஆகவே மாம்பழ ஓட்ஸ் செய்யுங்கள். கெட்டி அவலிலும் செய்து பாருங்கள், பாலும் வெல்லமும் அதற்கு நன்றாகவே சேரும். அரை மணி ஊறினாலே போதும். வீட்டில் சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள். அதை இதுவரை யார் செய்துவந்தார்களோ, அவர்கள் படுத்த பிறகு நீங்கள் போய் ஊற்றுங்கள்.