உதவிப்பணம் மாறிய வரலாறு

ஓர் அரசு புதிதாக ஓர் உதவியைத் தொடங்கும் நாளை வரலாற்றாசிரியர் குறித்து வைப்பர். பழைய உதவியிலிருந்து புதியதற்கு மக்கள் எவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர் என்பதை எழுதுவோர் சிலரே. ஆயினும், அந்த உதவியை நம்பி வாழ்பவருக்கு இரண்டாவது செய்தியே முதன்மையானது. பிரித்தானியாவில் வலுவிழந்தோருக்கான உதவிப்பணம் ஐம்பது ஆண்டுகளுள் நான்கு முறை உருமாறிய வரலாற்றை இக்கண்கொண்டு இன்று நோக்குவோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் எழுந்த சமூகக் காப்புறுதித் திட்டம் பெரும்பாலும் தொழில் செய்து தவணைப்பணம் கட்டியவர்களையே மனத்திற் கொண்டது. போரில் உறுப்பிழந்தவருக்கும் தொழிற்சாலையில் விபத்துக்குள்ளானவருக்கும் வழியிருந்தது. பிறவியிலேயே வலுவிழந்தவரும், வீட்டுப் பணியன்றி வேறு தொழில் செய்திராத பெண்களும் அவ்வழியில் அடங்கவில்லை. 1965ஆம் ஆண்டில், நோயால் வலுவிழந்திருந்த மேகன் டு புவாசன், பெரிற் மூர் என்னும் இரு பெண்கள் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். வலுவிழந்தவர் எவராயினும், வலுவிழந்த காரணம் எதுவாயினும், வருமானம் பெறும் உரிமை அவருக்கு உண்டு என்பதே அவ்வியக்கத்தின் கோரிக்கை. மேகன் டு புவாசன் 1969இல் வீதி விபத்தொன்றில் மறைந்தார். அவர் எழுப்பிய குரல் மறையவில்லை.

1971இல் பராமரிப்பு உதவிப்பணம் வந்தது. பிறர் துணையின்றி அன்றாடக் கருமங்களை ஆற்ற இயலாதவருக்கு, தவணைப்பணம் கட்டினாரா என்று கேளாமலே அது வழங்கப்பட்டது. 1976இல் நடமாட்ட உதவிப்பணம் தொடர்ந்தது. இதுவே நாம் காணும் முதலாவது மாற்றம். அதுவரை, நடக்கவியலாத பலருக்கு அரசு இளநீல நிறமுடைய மூன்று சக்கர வண்டியொன்றை வழங்கி வந்தது. அவ்வண்டியில் ஒருவரே அமரலாம். மனைவியையோ குழந்தையையோ உடன் ஏற்றிச் செல்ல இயலாது; பலத்த காற்றில் நிலைதடுமாறும் என்ற குறையும் கூறப்பட்டது. வண்டிக்குப் பதில் பணம் கொடுத்தால் அவரவர் தமக்கேற்ற வழியைத் தேர்ந்துகொள்வர் என்பது புதிய கருத்து. அப்பணத்தைக் கொண்டே மோட்டார் வண்டி பெற உதவும் மோற்றபிலிற்றி என்னும் அமைப்பு 1977இல் தோன்றியது. எனினும், பழைய வண்டியை வைத்திருந்தோரிடமிருந்து அது உடனே பறிக்கப்படவில்லை. 2003ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே அவ்வண்டிகள் வீதியிலிருந்து முற்றாக விலக்கப்பட்டன. பழையதும் புதியதும் கால் நூற்றாண்டுக்கு மேலாக அருகருகே ஓடின.

இரண்டாவது மாற்றம் 1992ஆம் ஆண்டு ஏப்பிரலில் நிகழ்ந்தது. பராமரிப்பு உதவிப்பணத்தில் 65 வயதுக்குக் குறைந்தோருக்கு உரிய பகுதியும், நடமாட்ட உதவிப்பணமும் ஒன்றாக்கப்பட்டு, வலுவிழந்தோர் வாழ்க்கை உதவிப்பணம் என்று பெயர் பெற்றன. புதிய விண்ணப்பங்கள் குவிந்து, தாமதம் மிகுந்து, கண்டனமும் எழுந்தது உண்மை. ஆனால், முன்னரே உதவி பெற்றுக்கொண்டிருந்தோரின் உரிமை புதிய பெயருக்குச் சட்டத்தினாலேயே மாற்றப்பட்டது. தம் வலுவின்மையை மறுபடி நிறுவுமாறு அவர்கள் அழைக்கப்படவில்லை.

மூன்றாவது மாற்றமே பெரும் போராட்டத்துக்கு இடமாயிற்று. 2010ஆம் ஆண்டளவில் இவ்வுதவியைப் பெறுவோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. பலர் காலவரையறையின்றிப் பெற்று வந்தனர். அவர்தம் நிலை மாறியதா என்று ஒழுங்காகப் பார்க்கும் முறை இல்லை என்றது அரசு. இவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. நோய் தணிவதுமுண்டு, முற்றுவதுமுண்டு. ஆயினும், அவ்வாண்டு யூன் மாத வரவுசெலவுத் திட்டம் புதிய பரிசோதனையால் செலவில் 20 சதவீதம் குறையும் என்று முன்கூட்டியே கணக்கிட்டது. மதிப்பீடு நிகழுமுன்னரே அதன் விளைவு எழுதப்பட்டுவிட்டது என்று வலுவிழந்தோர் ஐயுற்றதில் வியப்பென்ன?

2012ஆம் ஆண்டின் சட்டம், தனியாள் சுயாதீனக் கொடுப்பனவை உருவாக்கியது. 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆந் திகதி இங்கிலாந்தின் வடபகுதியில் அது தொடங்கியது. சமைத்தல், உண்ணல், குளித்தல், உடுத்தல், வாசித்தல், பிறரோடு பழகுதல், வழியறிந்து செல்லல் முதலாகப் பன்னிரண்டு கருமங்களுக்குப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. 8 புள்ளி பெற்றவருக்குச் சாதாரண வீதம். 12 பெற்றவருக்கு உயர்ந்த வீதம். முன்னர் ஏறத்தாழ 50 மீற்றருக்கு மேல் நடக்கவியலாதவர் நடமாட்ட உதவியின் உயர்ந்த வீதத்தைப் பெறுவது வழக்கமாயிருந்தது. புதிய விதியில் அவ்வெல்லை 20 மீற்றர் ஆயிற்று. அவ்வெல்லைக்கு அப்பால் நடக்கக் கூடியவர் என்று தீர்க்கப்பட்ட பலர், அவ்வுதவியை நம்பிப் பெற்றிருந்த மோட்டார் வண்டியைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

இம்முறை எவரும் தாமாக மாற்றப்படவில்லை. தொழில் செய்யும் வயதினர்க்கு ஒரு கடிதம் வரும். 28 நாட்களுள் புதிய உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறின் பழைய உதவி நிறுத்தப்படும். பின்னர் நீண்ட படிவம். அதன்பின் அரசு அமர்த்திய தனியார் நிறுவனங்களின் மதிப்பீடு. தீர்மானம் வரும்வரை பழைய பணம் தொடர்ந்தது. ஆனால், தீர்மானம் பாதகமாயின், சில வாரங்களின் பின் அது நின்றுவிடும். மேன்முறையீடு முடியப் பல மாதங்கள் செல்லலாம். அக்காலத்தில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. 2018ஆம் ஆண்டளவில் தீர்ப்பாயம் விசாரித்த மேன்முறையீடுகளில் ஏறத்தாழப் பத்தில் ஏழு முறையிட்டவருக்குச் சார்பாகவே முடிந்தன. அவர்களுட் பலர் ஈற்றில் தமக்குரியதென்று தீர்க்கப்பட்ட பணத்தை இழந்தே அந்த இடைக்காலத்தைக் கழித்தனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீதிமன்றங்கள் வாளாவிருக்கவில்லை. புதிய விண்ணப்பகாரர் இருவர் பல மாதங்கள் காக்கவைக்கப்பட்டது சட்டத்துக்கு மாறானது என்று உயர் நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு யூனில் தீர்ப்பளித்தது. உளத்துயர் காரணமாகத் தனியே வெளிச்செல்ல இயலாதவர் பெறும் புள்ளியைக் குறைத்த விதியை 2017ஆம் ஆண்டு திசெம்பரில் அதே நீதிமன்றம் நீக்கியது. அத்தீர்ப்பை ஏற்ற அரசு, ஏறத்தாழ 16 இலட்சம் கோவைகளை மீளாய்வு செய்வதாக அறிவித்தது. இதற்கிடையே, 2016ஆம் ஆண்டு மார்ச்சில், இவ்வுதவியில் மேலும் குறைப்புச் செய்ய முற்பட்ட வேளையில், பொறுப்பான அமைச்சர் இயன் டங்கன் சிமித்து பதவி துறந்தார், அக்குறைப்பும் கைவிடப்பட்டது.

நான்காவது மாற்றம் சிகொத்துலாந்தில் நிகழ்ந்தது. அதிகாரம் பெற்ற அந்நாட்டு அரசு, 2022ஆம் ஆண்டு மார்ச்சில் வயதுவந்தோர் வலுவின்மைக் கொடுப்பனவைச் சில பகுதிகளிலும், ஓகத்து மாதத்தில் நாடெங்கும் தொடங்கியது. புள்ளிமுறை பெரும்பாலும் பழையதே. மாறியது கடக்கும் வழி. சுயாதீனக் கொடுப்பனவைப் பெற்று வந்தோர் மீள விண்ணப்பிக்க வேண்டியதில்லை; அவர்தம் கோவையை அலுவலகமே மாற்றியது; பணமும் இடையறாது தொடர்ந்தது.

நேயர்களே, ஒரே தீவின் வரலாற்றில் இருவகை வழியையும் கண்டோம். ஒரு வழியில் அரசு மக்களைச் சுமந்து சென்றது. மற்றைய வழியில் மக்களே நடந்து வருமாறு பணிக்கப்பட்டனர். நடக்க இயலாதவர்க்காகவே ஏற்பட்ட உதவியில் இவ்வேறுபாடு சிறிதன்று. மாரிக்குமுன் கூரை வேய்பவன் புதுக்கிடுகு ஆயத்தமாகு முன்னர் பழையதைப் பிரித்தெறிவதில்லை. வீட்டுக்குள் இருப்போர் நனைவர் என்பது அவனுக்குத் தெரியும். உதவிகளை மாற்றுவது அரசுகளின் கடமைகளுள் ஒன்று. காலம் மாறும்போது சட்டமும் மாறவே செய்யும். ஆனால், அம்மாற்றம் நன்றா தீதா என்று கேட்பவர், புதிய உதவியின் பெயரையும் தொகையையும் மட்டும் பார்த்தல் போதாது. பழையது நின்ற நாளுக்கும் புதியது கைக்கு வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள், அந்நாட்களை யார் எவ்வாறு கழித்தனர் என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.